ஜிம்பாப்வேயின் தந்தக் கிடங்கு: எரிப்பதா, விற்பதா, பூட்டி வைப்பதா?

2022 மே மாதம் ஜிம்பாப்வே அரசு ஐரோப்பிய நாடுகளின் தூதர்களைத் தலைநகர் ஹராரேயில் உள்ள தன் தந்தக் கிடங்குக்கு அழைத்துப் போய்க் காட்டியது. ஏறக்குறைய 130 டன் தந்தம் அப்போது அங்கே இருந்தது. வயதாகி இறந்த யானைகளுடையது, பயிரை அழித்ததற்காகவோ ஆளைக் கொன்றதற்காகவோ சுடப்பட்ட யானைகளுடையது, கள்ளவேட்டைக்காரர்களிடம் பிடிபட்டது என்று பல வழிகளில் வந்து சேர்ந்தது. இதன் மதிப்பு 60 கோடி டாலர், விற்க அனுமதித்தால் அந்தப் பணத்தில் காட்டையும் யானையையும் காப்போம் என்பது அரசின் வாதம். அந்த ஆண்டு நவம்பரில் பனாமாவில் கூடிய, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகளின் மாநாடு இதை ஏற்கவில்லை. தந்தம் இன்னும் கிடங்கில்தான் இருக்கிறது.

இப்படி ஒரு கிடங்கு ஜிம்பாப்வேயில் மட்டும் இல்லை. நமீபியா, போட்ஸ்வானா, தென்னாப்பிரிக்கா, ஜாம்பியா, தான்சானியா எல்லா நாடுகளுக்கும் இதே தலைவலி உண்டு. விற்கவும் முடியாமல், விட்டுவிடவும் மனம் வராமல், ஆண்டுக்கு ஆண்டு குவிந்துகொண்டே போகும் ஒரு பொருளை ஓர் அரசு என்ன செய்யலாம்? என்னென்ன வழிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் யாருக்கு லாபம், யார் தலையில் ஆபத்து விழுகிறது என்று பார்த்தால்தான் இதற்கு நேர்மையான பதில் கிடைக்கும். ஹராரேயை மையமாக வைத்தே பார்ப்போம். அங்கேதான் கேள்வி மிகக் கடுமையாக நிற்கிறது.

முதலில் சட்டப் பின்னணி. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான் சைட்டிஸ். 1975இல் நடைமுறைக்கு வந்தது. நம் ஆசிய யானை தொடக்கத்திலிருந்தே முதல் பட்டியலில் இருக்கிறது, அதாவது வணிகம் அறவே கூடாது. ஆப்பிரிக்க யானைக்கு அந்த இடம் 1989இல்தான் கிடைத்தது. அதற்கு முந்தைய பத்தே ஆண்டுகளில் கண்டம் முழுவதும் 13 லட்சமாக இருந்த யானைகள் 6 லட்சம் அளவுக்குச் சரிந்துவிட்டன. 1997இல் ஹராரேயிலேயே நடந்த மாநாட்டில் போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே மூன்றின் யானைகளும், 2000இல் தென்னாப்பிரிக்க யானைகளும் கடுமை குறைந்த இரண்டாம் பட்டியலுக்கு மாறின. ஆனாலும் தந்தம் விற்க ஒவ்வொரு முறையும் மாநாட்டின் சம்மதம் வேண்டும். வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைத்தால்தான் நடக்கும்.

தெற்காசியாவில் உட்கார்ந்துகொண்டு "விற்கவே கூடாது" என்று சொல்வது சுலபம். அந்தப் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அங்கோலா, போட்ஸ்வானா, நமீபியா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஐந்து நாடுகளும் சேர்ந்த காட்டுப்பகுதியில் 2022இல் எடுத்த கணக்கெடுப்பில் சுமார் 2,27,900 யானைகள் இருந்தன. அதில் போட்ஸ்வானாவில் மட்டும் 1,30,000க்கு மேல், ஜிம்பாப்வேயில் சுமார் 65,000. போட்ஸ்வானாவின் மக்கள்தொகையோ ஏறக்குறைய 25 லட்சம்தான். இருபது பேருக்கு ஒரு யானை! கூடலூரிலும் வால்பாறையிலும், இலங்கையில் பொலன்னறுவையிலும் அநுராதபுரத்திலும் இரவில் யானை வரும் பாதையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கையின் பொருள் நன்றாகப் புரியும். ஒரே இரவில் ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சோளம் போய்விடும். 2024 வறட்சியில் நமீபியா 83 யானைகள் உட்பட 723 காட்டு விலங்குகளையும், ஜிம்பாப்வே 200 யானைகளையும் கொன்று இறைச்சியை மக்களுக்குத் தரும் முடிவுக்கு வந்தன. அந்த நாடுகளைப் பொறுத்தவரை யானை அழியப்போகும் விலங்கு இல்லை, அன்றாடம் சமாளிக்க வேண்டிய பெரிய பொறுப்பு.

எரிப்பது

இந்த வழியின் முகம் கென்யா. 1989 ஜூலையில் அப்போதைய அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்துக்குத் தீ வைத்தார். வனவிலங்குத் துறைத் தலைவராக இருந்த ரிச்சர்ட் லீக்கியின் யோசனை அது. அந்தப் படம் உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. சில மாதங்களில் சைட்டிஸ் தடையும் வந்தது. 2016 ஏப்ரலில் நைரோபி தேசியப் பூங்காவில் 105 டன்னைப் பதினோரு குவியல்களாக அடுக்கி எரித்தார்கள். ஆறாயிரத்திலிருந்து எட்டாயிரம் யானைகள் வரை உயிர்விட்டிருந்தால்தான் அவ்வளவு தந்தம் சேரும். தந்தம் தானாக எரியாது, எரிபொருளைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் செலவையும் ஏற்றுக்கொண்டுதான் செய்தார்கள்.

கென்யாவுக்கு இந்தக் கணக்கு சரியாக வருகிறது. 1977இலேயே வேட்டைக்குத் தடை போட்ட நாடு அது, வருமானம் சுற்றுலாவில் இருந்து வருகிறது. உயிரோடு நிற்கும் யானைதான் அங்கே காசு. 1989இல் 16,000 அளவுக்கு விழுந்திருந்த எண்ணிக்கை 2021 கணக்கெடுப்பில் 36,280. இதற்கு எரிப்பு மட்டும் காரணம் இல்லை, காவலும் தண்டனையும் உலகத் தடையும் சேர்ந்த பலன். என்றாலும் அரசின் எல்லாச் செயல்களும் ஒரே திசையில் இருந்தன என்பது பெரிய விஷயம்.

எரித்தால் சந்தையில் சரக்கு குறைந்து விலை ஏறும், அது வேட்டையைத் தூண்டும் என்று பொருளாதார வல்லுநர்கள் சிலர் எச்சரித்தார்கள். நடந்தது வேறு. சீனாவில் ஒரு கிலோ கச்சாத் தந்தத்தின் மொத்த விலை 2014இல் 2,100 டாலர் அளவில் இருந்தது. 2017 தொடக்கத்தில் 730 டாலருக்கு இறங்கிவிட்டது. உள்நாட்டுச் சந்தையை மூடப்போவதாகச் சீனா அறிவித்ததும் அங்கே பொருளாதாரம் மந்தமானதும் இதற்குக் காரணங்கள். ஆனால் எரிப்பால் விலை ஏறும் என்ற பயத்துக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

போட்ஸ்வானாவின் மறுப்புதான் எனக்குக் கனமாகப் படுகிறது. யானையோடு வாழும் கிராமத்தாரின் கண் முன்னால் தந்தத்தைக் கொளுத்தினால், இந்த விலங்குக்கு எந்த மதிப்பும் இல்லை என்று அரசே அவர்களிடம் சொன்னதாகிவிடும் என்றார்கள். அதனால் அவர்கள் எரிக்கவில்லை. 2015இல் தந்தங்களை வைத்தே ஓர் யானைச் சிலை செய்து கபரோனி விமான நிலையத்தில் நிறுத்தினார்கள்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும், இந்த விவாதத்தில் இது அடிக்கடி விட்டுப்போகிறது. கிடங்கில் இருக்கும் எல்லாத் தந்தமும் ஒரே வகை இல்லை. 2012 மே மாதம் கொழும்புத் துறைமுகத்தில் 359 தந்தங்கள் பிடிபட்டன. ஆப்பிரிக்காவிலிருந்து துபாய்க்குப் போய்க்கொண்டிருந்த சரக்கு அது. அதைக் கண்டியிலுள்ள பௌத்தக் கோயிலான தலதா மாளிகைக்குக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை எழுந்தபோது நாட்டுக்குள்ளேயே பலத்த எதிர்ப்பு வந்தது. கடைசியில் 2016 ஜனவரியில் காலி முகத்திடலில், சமயத் தலைவர்கள் அந்த யானைகளுக்காக வேண்டிக்கொள்ள, ஒன்றரை டன்னையும் நொறுக்கினார்கள். தெற்காசியாவில் முதன்முதலில் இதைச் செய்தது இலங்கைதான். சிங்கப்பூரும் 2019இல் ஒரே தடவையில் பிடித்த 8.8 டன்னை மற்ற சரக்கோடு சேர்த்து அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நொறுக்கியது. இந்த இரண்டு நாடுகளுக்கும் முடிவு எளிது. திருட்டுச் சரக்கு, அதில் அந்த நாட்டு மக்கள் யாருக்கும் உரிமை இல்லை, வைத்திருந்தால் ஆபத்து மட்டுமே. ஹராரே கிடங்கில் இருப்பதில் பெரும்பகுதி அப்படிப்பட்டதல்ல. சொந்த யானைகள் இறந்து கிடைத்த தந்தத்தை எரி என்று வெளியார் சொல்வதும், கடத்தல் சரக்கை நொறுக்குவதும் ஒன்றாகாது.

விற்பது

இதற்கு நம்மிடம் இரண்டு பெரிய சோதனைகளின் முடிவுகள் இருக்கின்றன. 1999இல் போட்ஸ்வானா, நமீபியா, ஜிம்பாப்வே மூன்றும் ஜப்பானுக்குச் சுமார் 50 டன் விற்றன, கிடைத்தது 50 லட்சம் டாலர் அளவு. 2008இல் தென்னாப்பிரிக்காவும் சேர்ந்துகொள்ள, நான்கு நாடுகளும் சுமார் 102 டன்னை ஏலத்தில் விட்டன. வாங்க அனுமதிக்கப்பட்டவை சீனா, ஜப்பான் இரண்டே நாடுகள். வந்த பணம் ஏறக்குறைய 1 கோடியே 55 லட்சம் டாலர். அதை யானைப் பாதுகாப்புக்கும் யானைப் பகுதி மக்களுக்கும்தான் செலவிட வேண்டும் என்பது நிபந்தனை. அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு இந்த நாடுகள் புதிய கோரிக்கை வைக்கக் கூடாது என்றும் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது ஹராரேயின் 60 கோடி டாலர் கணக்குக்கு வருவோம். 2008 ஏலத்தில் கிலோவுக்குச் சராசரியாக 150 டாலர் கிடைத்தது. அந்த விலைக்கு 130 டன்னையும் விற்றால் வருவது 2 கோடி டாலருக்குச் சற்றுக் கீழே. 60 கோடி வர வேண்டுமானால் கிலோ 4,600 டாலருக்குப் போக வேண்டும். கள்ளச்சந்தை உச்சத்தில் இருந்த 2014இல்கூட சீனாவில் அதில் பாதி விலை இல்லை. இரண்டே வாங்குநர்கள், அதுவும் அரசு அனுமதியோடு வருபவர்கள் என்றால் ஏலத்தில் விலை ஏறாது. லாபம் முழுக்க வாங்கியவர் கைக்குப் போகும். 2008இல் சீனாவுக்குப் போன தந்தம் அங்கே செதுக்குக் கூடங்களுக்குப் பல மடங்கு விலைக்குத்தான் போனது.

அந்த 2 கோடியையும் வகுத்துப் பார்க்கலாம். 65,000 யானைகளுக்குப் பங்கு போட்டால் தலைக்கு 300 டாலர், அதுவும் ஒரே ஒரு தடவை. பத்து ஆண்டுக்கு நிரவினால் ஒரு யானையைக் காக்க ஆண்டுக்கு 30 டாலர். காவலர் சம்பளம், வாகனம், வேலி, பயிர் இழப்பீடு எல்லாம் இதற்குள் வர வேண்டும். இந்தப் பணத்தை நம்பித்தான் யானைப் பாதுகாப்பு நிற்கிறது என்ற வாதம் இங்கேயே ஆட்டம் காண்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல், யார் வாங்குவார்கள் என்பது. 2017 டிசம்பர் 31உடன் சீனா உள்நாட்டுத் தந்த வணிகத்தை மூடிவிட்டது. அமெரிக்கா 2016இலும், ஹாங்காங் 2021 முடிவிலும், பிரிட்டன் 2022இலும் ஏறக்குறைய முழுத் தடைக்கு வந்துவிட்டன. சொல்லிக்கொள்ளும்படி திறந்திருக்கும் சட்டபூர்வச் சந்தை ஜப்பான் மட்டுமே. அங்கே கையெழுத்துக்குப் பதிலாகப் பயன்படும் ஹன்கோ முத்திரைகளைத் தந்தத்தில் செய்யும் வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரே வாங்குநர் உள்ள ஏலத்துக்குப் பொருளைக் கொண்டுபோய் நல்ல விலையை எந்த நிதியமைச்சரும் எதிர்பார்க்க முடியாது.

விற்பனை கள்ளவேட்டையைத் தூண்டுகிறதா? இரு தரப்பும் மல்லுக்கட்டும் இடம் இதுதான். 2008க்குப் பிறகு என்ன நடந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தான்சானியாவில் 2009இல் 1,09,000 ஆக இருந்த யானைகள் 2014இல் 43,000 ஆகிவிட்டன. காபோன் நாட்டின் மிங்கெபே காட்டில் 2004க்கும் 2014க்கும் இடையில் சுமார் 25,000 யானைகள் போயின. 18 நாடுகளில் விமானம் வைத்து எடுத்த பெருங்கணக்கெடுப்பு, 2007இலிருந்து 2014க்குள் புல்வெளிகளில் வாழும் சவன்னா யானைகளில் 30 சதவீதம் குறைந்துவிட்டதாக 2016இல் சொன்னது. அந்த 2008 விற்பனைதான் இதற்குக் காரணமா என்பதில்தான் சண்டை. விற்பனை அறிவிப்பையொட்டிக் கள்ளத் தந்த உற்பத்தி ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூடியது என்று 2016இல் இரண்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவர்கள் கணக்கிட்ட முறை சரியில்லை, சீனாவில் வருமானம் பெருகியதுதான் உண்மைக் காரணம் என்று சைட்டிஸ் தரவுகளைக் கையாளும் புள்ளியியலாளர்கள் மறுத்தார்கள்.

என் கருத்து இது: விற்பனைதான் காரணம் என்பது நிரூபணம் ஆகவில்லை. ஆனால் அது எப்படித் தீங்கு செய்யும் என்பது தெளிவாகத் தெரிந்த விஷயம். சீனாவில் செதுக்கிய ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அடையாள அட்டை உண்டு. பொருள் விற்ற பிறகு அட்டையைத் தராமல் கடைக்காரர் தன்னிடமே வைத்துக்கொண்டு, அடுத்து கள்ளத் தந்தத்தில் செய்த பொருளுக்கு அதே அட்டையைப் பயன்படுத்துவது புலனாய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தது. சட்டபூர்வத் தந்தம் கொஞ்சம் சந்தையில் இருந்தால் போதும், கள்ளத் தந்தம் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும். வாங்குபவரின் மனத்தயக்கமும் போய்விடும்.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிடிபட்ட பெரிய தந்தச் சரக்குகளின் மரபணுவை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி சாமுவேல் வாசரின் குழு, அவற்றில் பெரும்பகுதி இரண்டே பகுதிகளிலிருந்து வந்தது என்று 2015இல் காட்டியது. ஒன்று தான்சானியா, மொசாம்பிக் பகுதி. இன்னொன்று காபோன், காங்கோ, கேமரூன் காடுகள். விற்ற நான்கு நாடுகளும் அந்தப் பட்டியலில் இல்லை. பணம் ஹராரேக்கும் நமீபியத் தலைநகர் விண்ட்ஹுக்குக்கும் வந்தது, ஆபத்து மிங்கெபேயில் போய் விழுந்தது என்று சந்தேகிக்க இடம் இருக்கிறது. தெற்கில் காவல் பலமாக இருக்கலாம், காங்கோ காட்டில் அந்தக் காவல் கிடையாது. ஆப்பிரிக்காவின் அடர்காடுகளில் வாழும் யானையை மிக அருகிய நிலையில் உள்ள தனி இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2021இல் அறிவித்ததை மறந்துவிட்டு இந்த முடிவை எடுக்க முடியாது.

முதலையை வளர்த்துத் தோலை விற்கிறோம், தென் அமெரிக்காவில் விகுன்யா என்ற ஒட்டகக் குடும்ப விலங்கின் ரோமத்தைக் கத்தரித்து விற்று அந்த இனத்தையே மீட்டிருக்கிறார்கள், யானைக்கு மட்டும் ஏன் முடியாது என்ற கேள்வியும் நியாயமானதுதான். விகுன்யாவை உயிரோடு விட்டு ரோமத்தை எடுக்கலாம், முதலை முட்டையிட்டுப் பெருகும். யானை 22 மாதம் சுமந்து ஒரு குட்டி ஈனுகிறது, தந்தம் பருக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இயற்கையாக இறக்கும் யானைகளின் தந்தத்தால் ஆசியாவின் தேவைக்கு ஈடுகொடுக்கவே முடியாது.

விலகிப் போவது

கேட்டுக் கேட்டுச் சலித்துப்போன ஜிம்பாப்வே, ஒப்பந்தத்தை விட்டே விலகுவோம் என்று அவ்வப்போது எச்சரிக்கிறது. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. 1989 தடைக்குப் பிறகு ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகள் பலவும் அதற்குக் கட்டுப்பட மாட்டோம் என்று முறைப்படி ஒதுக்கம் தெரிவித்தன. விற்கச் சட்டத் தடை இல்லாமல் போனாலும் வாங்க ஆள் இல்லை. இன்றைக்கும் அதேதான். வாங்கக்கூடிய நாடுகள் அனைத்தும் ஒப்பந்தத்துக்குள் இருக்கின்றன. விலகினால் ஜிம்பாப்வேயின் முதலைத் தோல் ஏற்றுமதி உட்பட மற்ற வனவிலங்கு வணிகமும் சேர்ந்து சிக்கலில் மாட்டும். மேசையில் குரலை உயர்த்த இந்த மிரட்டல் உதவலாம், கொள்கையாகப் பயன்படாது.

பூட்டி வைப்பது

நடைமுறையில் பெரும்பாலான அரசுகள் இதைத்தான் செய்கின்றன, முடிவெடுக்க முடியாததால் செய்கின்றன. செலவு உண்டு. காவல் வேண்டும், ஈரப்பதம் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் தந்தம் வெடிப்பு விட்டு மதிப்பிழக்கும். திருட்டும் உண்டு. 2014இல் உகாண்டாவின் அரசுக் கிடங்கிலிருந்தே ஒரு டன்னுக்கு மேல் தந்தம் காணாமல் போனது, உள்ளே இருந்தவர்கள் உதவி இல்லாமல் அது நடந்திருக்காது.

ஆனால் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. பிடிபட்ட தந்தங்களில் கரிம முறையில் வயது பார்த்த ஓர் ஆய்வு 2016இல் வந்தது. ஏறக்குறைய எல்லாமே அண்மையில், மூன்று ஆண்டுகளுக்குள் கொல்லப்பட்ட யானைகளுடையவை. அரசுக் கிடங்குகளின் பழைய தந்தம் பெரிய அளவில் கள்ளச்சந்தைக்குப் போகவில்லை என்று இதிலிருந்து தெரிகிறது. எண்ணிட்டு, எடை போட்டு, வெளியார் தணிக்கைக்கும் திறந்துவிட்டால் பூட்டி வைப்பது பாதுகாப்பான வழிதான். 2014இல் லண்டன் மாநாட்டில் போட்ஸ்வானா, சாட், எத்தியோப்பியா, காபோன், தான்சானியா ஐந்தும் சேர்ந்து தொடங்கிய யானைப் பாதுகாப்பு முன்முயற்சியும் கையிருப்பைப் பொருளாதாரப் பயன்பாட்டுக்கு வெளியே வைப்பதைத்தான் வலியுறுத்தியது.

இந்த வழியின் குறை, கிராமத்தாருக்கு எதுவும் கிடைக்காது என்பது. சோளம் போனவருக்கு "தந்தம் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லி என்ன பயன்?

விற்காமல் இருக்கப் பணம்

எனக்குப் பிடித்த வழி இது. உலகம் தந்தம் விற்கக் கூடாது என்கிறது. சரி. அப்படியானால் யானையோடு வாழும் செலவில் உலகம் பங்கு போடட்டும். தந்தத்தை நிரந்தரமாகச் சந்தைக்கு வெளியே வைப்பதாக அரசு எழுதிக்கொடுக்க வேண்டும். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் பணம் வர வேண்டும்.

இது வெறும் ஆசை இல்லை, முன்மாதிரி இருக்கிறது. 2022 மார்ச்சில் உலக வங்கி தென்னாப்பிரிக்காவின் காண்டாமிருகங்களுக்காக 15 கோடி டாலருக்கு ஒரு கடன் பத்திரம் வெளியிட்டது. அட்டோ யானைப் பூங்காவிலும் கிரேட் ஃபிஷ் ரிவர் காப்பகத்திலும் கருப்புக் காண்டாமிருகங்களின் எண்ணிக்கை கூடினால் முதலீட்டாளருக்குக் கூடுதல் தொகை கிடைக்கும், கூடாவிட்டால் கிடைக்காது. விலங்கு உயிரோடு பெருகுவதுதான் இங்கே வருமானத்துக்கு அடிப்படை. யானைக்கும் இப்படி ஒன்று செய்ய முடியும். ஹராரே 2008 விலையில் 130 டன்னை விற்றால் கிடைக்கும் தொகையைவிட அந்தப் பத்திரம் ஏழு மடங்குக்கு மேல் பெரியது என்பதைப் பார்த்தால், சரியாக அமைத்தால் இதற்குப் பணம் திரட்டுவது அவ்வளவு கடினம் அல்ல என்று தோன்றுகிறது.

பணம் யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜிம்பாப்வே வெளிநாட்டுக் கடனில் மூழ்கியிருக்கும் நாடு. கருவூலத்துக்குள் போனால் திரும்பி வராது. 1980களின் இறுதியிலிருந்து அங்கே இருக்கும் கேம்ப்ஃபயர் திட்டத்தில், பணம் கட்டி வேட்டையாட வருபவர்களிடமிருந்து கிடைக்கும் வருமானத்தில் கிராமங்களுக்குப் பங்கு உண்டு. ஆனால் பணம் மாவட்டக் கவுன்சில்களோடு நின்றுவிடுகிறது என்ற புகார் பழையது. 2014இல் அமெரிக்கா ஜிம்பாப்வேயில் வேட்டையாடிய யானைகளின் தந்தம் முதலிய வேட்டைச் சின்னங்களின் இறக்குமதியை நிறுத்தியபோது இந்த வருமானத்தில் பெரிய அடி விழுந்தது, அதற்கு மாற்றாக எதையும் யாரும் தரவில்லை. நமீபியாவில் 1996 சட்டத்துக்குப் பிறகு கிராமங்களே நிர்வகிக்கும் காப்பகங்கள் 86 ஆகி, நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டிருக்கின்றன. அங்கே முடிவெடுப்பதும் கணக்கு வைப்பதும் ஊராரே. யானைகளும் கூடியிருக்கின்றன. கட்டணம் இப்படி ஊர் அமைப்புகளின் கையில் நேராகப் போக வேண்டும்.

இந்த வழியிலும் ஆபத்து உண்டு. கொடுப்பவர்கள் இரண்டு ஆண்டு கொடுத்துவிட்டு மறந்துபோகலாம். பணக்கார நாடுகளின் காலநிலை வாக்குறுதிகள் என்ன ஆயின என்று ஆப்பிரிக்கர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு விதி தேவை: குறித்த காலத்தில் தொகை வராவிட்டால், மறுபடியும் சைட்டிஸ் முன் விற்பனைக் கோரிக்கை வைக்க அந்த நாட்டுக்கு முழு உரிமை உண்டு, கொடுக்கத் தவறிய நாடுகள் அதை எதிர்த்து வாக்களிக்கக் கூடாது.

எதைத் தேர்ந்தெடுப்பது

ஹராரேக்கு நான் சொல்வது இதுதான். கள்ளவேட்டையில் பிடிபட்டதைப் பிரித்தெடுத்து, மரபணு மாதிரி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நொறுக்கிவிடலாம். அதில் எந்தக் கிராமத்துக்கும் உரிமை இல்லை, குற்றத்தின் தடயம் மட்டுமே. இயற்கையாக இறந்த யானைகளின் தந்தத்தை வெளியார் தணிக்கையோடு பூட்டி வைத்து, அதைக் காட்டி நீண்டகாலக் கட்டணத்துக்குப் பேரம் பேச வேண்டும். விற்றுவிட்டால் பேரம் பேச எதுவும் மிஞ்சாது. எரித்துவிட்டாலும் அதே கதி. விலை வீழ்ந்து, வாங்க ஆளில்லாத இந்த நேரத்தில், தந்தத்துக்கு அதிக மதிப்பு இருப்பது அதை விற்காமல் இருக்கும் வாக்குறுதியில்தான்.

சுற்றுலாவில் வாழும் கென்யா எரித்தது சரி. தந்தம் கடந்துபோகும் வழியில் மட்டும் இருந்த இலங்கையும் சிங்கப்பூரும் நொறுக்கியது சரி. எல்லா நாட்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்தியாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வாக்கெடுப்பில் நமக்கு நேரடிப் பங்கு இருக்கிறது. ஆசிய யானையில் தந்தம் உள்ளது ஆணுக்கு மட்டும். அதிலும் மக்னா எனப்படும் ஆண்களுக்கு இல்லை. 1970களிலிருந்து கொம்பன்களையே குறிவைத்துச் சுட்டதில், பெரியார் காப்பகத்தில் 1980களின் முடிவில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் யானைகள் நூறுக்கு மேல் என்ற நிலை வந்துவிட்டது. நீலகிரியிலும் சத்தியமங்கலத்திலும் தந்தத்துக்காக நடந்த கொலைகளை இந்தத் தலைமுறையே பார்த்திருக்கிறது. 1986இல் இந்தியத் தந்தத்துக்கும், 1991 திருத்தத்தில் இறக்குமதித் தந்தத்துக்கும் உள்நாட்டு வணிகத் தடை போட்டு, 2003இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தபின்தான் ஓரளவு நிம்மதி கிடைத்தது. சந்தையில் ஆப்பிரிக்கத் தந்தம், ஆசியத் தந்தம் என்று பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெடுவதில்லை.

அப்படிப்பட்ட இந்தியா 2022 பனாமா மாநாட்டில் தந்த வாக்கெடுப்பில் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் நமீபியாவிலிருந்து எட்டுச் சிவிங்கிப்புலிகள் (சீட்டா) மத்தியப் பிரதேசத்தின் குனோ தேசியப் பூங்காவுக்கு வந்திருந்தன. இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்று பத்திரிகைகள் கேட்டன. எந்தக் காரணமாக இருந்தாலும் ஒதுங்கியது தவறு. நம் யானைகளுக்காக நாம் எதிர்த்து வாக்களித்திருக்க வேண்டும். கூடவே, அந்த விற்பனைக்குப் பதிலாகத் ஆப்பிரிக்காவின் தென்பகுதிக் கிராமங்களுக்குக் கட்டணம் தரும் நிதிக்கு முதல் ஆதரவாளராகவும் நின்றிருக்க வேண்டும். யானையால் ஆண்டுக்குச் சுமார் 500 பேரை இழக்கும் நாடு, பயிர் போன ஊராரின் கோபத்தை அறிந்த நாடு, அந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் ஹராரேயிலும் காது கொடுத்துக் கேட்பார்கள். நிதிக்கு முதல் தவணை கேட்கப்பட வேண்டிய இடம் டோக்கியோ. ஹன்கோ சந்தையை மூட ஜப்பானுக்கு ஒரு கால எல்லை வைப்பதும் அதே ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.